கார்டு என்றால் இரண்டு விழுக்காடு கூடுதலா?

சென்ற வாரம் என் தங்கை மகளின் திருமணத்திற்காக, கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் உள்ள ஒரு நகைக்கடையில் தாலிக்கொடி வாங்கினோம். அன்றைய தங்க விலை, சேதாரம், செய்கூலி எல்லாம் பேசி, 7,400 ரிங்கிட் என்று விலை படிந்த பிறகு என் பற்று அட்டையை (டெபிட் கார்டு) நீட்டினேன். “கார்டு என்றால் இரண்டு விழுக்காடு கூடும், அக்கா,” என்றார் கல்லாவில் இருந்தவர். அதாவது 148 ரிங்கிட். கடை வாசலிலோ நகைகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் மேலோ அப்படியோர் அறிவிப்பு இல்லை.

வணிகரின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. அட்டையில் செலுத்தும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் வங்கி மீதியைக் கடைக்குத் தருகிறது. நகைக்கடையில் பெருந்தொகை தங்கத்திற்கே போய்விடுவதால், அந்தப் பிடித்தம் செய்கூலியில் கிடைக்கும் லாபத்தைத்தான் அரிக்கும். ஆனால் கடை வாடகையும் மின்கட்டணமும் காவலாளியின் சம்பளமும் கூடத்தான் செலவு. அவற்றை யாரும் கல்லாவில் தனியாகக் கேட்பதில்லை, விலைக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்கள். அட்டைக்கான செலவு மட்டும் ஏன் விலை படிந்த பிறகு வெளியே வருகிறது?

எனக்கு மிகவும் உறுத்துவது, கடன் அட்டைக்கும் பற்று அட்டைக்கும் ஒரே இரண்டு விழுக்காடு என்பதுதான். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2015ஆம் ஆண்டு கொண்டுவந்த கட்டண அட்டைச் சீர்திருத்தம், கடையிடம் பிடிக்கும் தொகையில் ஒரு பகுதியாக வங்கிகள் தங்களுக்குள் வசூலிக்கும் பரிமாற்றக் கட்டணத்திற்கு உச்சவரம்பு விதித்தது. பற்று அட்டைக்கான வரம்பு கடன் அட்டைக்கானதைவிட மிகக் குறைவு. நான் கொடுத்தது என் சேமிப்புக் கணக்கில் கிடந்த சொந்தப் பணம். அதைச் செலுத்தியதற்குக் கடன் அட்டைக்குரிய விகிதத்தை என்னிடம் வசூலித்தால், அது செலவை ஈடுகட்டுவதாகாது. செலவின் பெயரைச் சொல்லி எடுக்கும் லாபமாகிவிடுகிறது.

இவ்வாறு கூடுதலாக வசூலிக்கக் கூடாது என்பது நம் நாட்டு வணிகர்கள் அட்டை இயந்திரத்தை வாங்கும்போது வங்கியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே அடங்கியது. விமானச் சீட்டு வாங்குவோரிடம் அட்டைக்கெனத் தனியாக வாங்கப்பட்டு வந்த கட்டணத்தை, அப்போதைய மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் 2019ஆம் ஆண்டு தடை செய்தது. விமான நிறுவனங்களால் அந்தச் செலவை விலைக்குள் அடக்க முடியுமானால், நகைக்கடைகளாலும் முடியும்.

இதற்கு எதிரான ஒரு வாதத்தை மட்டும் என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. செலவை எல்லோருக்குமான விலையில் சேர்த்துவிட்டால், ரொக்கம் கொடுத்து வாங்கும் ஓய்வூதியக்காரர் ஒருவர், கடன் அட்டைக்காரர் சேர்க்கும் வெகுமதிப் புள்ளிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். அது நியாயமில்லை. அதற்கு வழி, ரொக்கம் தருவோருக்கு வெளிப்படையாகத் தள்ளுபடி தருவது. கணக்குக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம், வாங்குபவருக்கு அப்படியல்ல. தள்ளுபடி என்றால் எழுதிய விலையே உச்ச விலை, அதற்கு மேல் ஒரு சென்னும் ஏறாது என்று தெரிந்து கடைக்குள் நுழைகிறோம். கூடுதல் கட்டணம் என்றால், பேரம் முடிந்து, நகை பெட்டிக்குள் போய், வீட்டுப் பெரியவர்கள் எழுந்து நிற்கும் வேளையில்தான் உண்மையான விலை தெரிகிறது. அந்த நேரத்தில் தாலிக்கொடியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்? அவ்வளவு ரொக்கத்தைக் கைப்பையில் சுமந்துகொண்டு அந்த நெரிசலில் நடக்கவும் யாருக்குத் துணிவு உண்டு?

நானும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ரசீதில் மொத்தத் தொகையை மட்டும் எழுதியிருந்ததால், அந்த 148 ரிங்கிட்டைத் தனி வரியாக எழுதித் தருமாறு கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்து, எழுதிக் கொடுத்தார். அந்த ரசீதின் நகலோடு, இயந்திரத்தை வழங்கிய வங்கிக்கு நேற்று புகார் அனுப்பியிருக்கிறேன்.