சேற்றை அள்ளுவது யார் வேலை?

மழை வெளுத்து வாங்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் தெருவுக்கு முதலில் ஓடி வருபவர்கள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்தான். அரசு வண்டி வந்து சேர்வதற்குள் அவர்கள் முழங்கால் சேற்றை மண்வெட்டியால் வாரி, அரிசி மூட்டைகளை மாடிக்கு ஏற்றி, அண்டா நிறையத் தக்காளிச் சோறும் கிண்டி முடித்திருப்பார்கள். அதன் பிறகு வரும் அதிகாரி, "அதுதான் தன்னார்வலர்கள் இருக்கிறார்களே" என்கிறார். இருந்தால்? 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இந்தப் பொறுப்பை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஆணையத்திடம் அல்லவா ஒப்படைத்திருக்கிறது?

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய அதே நாள்களில், வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டார்கள். ஊறிப்போன சுவர்களை முன்கூட்டியே பார்த்து, குடியிருப்பவர்களை முகாமுக்கு அழைத்துப் போவது கல்லூரிப் பிள்ளைகளின் வேலையா? கால்வாயைத் தூர்வாருவதும் அவர்களா? ஆற்றோர ஆக்கிரமிப்பை அகற்றுவதும் அவர்களா? படகும் ஜேசிபியும் எங்கள் வீட்டுக் கொல்லையிலா நிற்கின்றன?

போன மழையில் சேற்றுக்குள் கிடந்த கண்ணாடிச் சில்லு கிழித்து ஒரு பையனுக்கு உள்ளங்கையில் எட்டுத் தையல். அவனுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.