மாதோன்: சண்டைக்குள் ஒரு வழக்கு

பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்தில் வரும் 'மாதோன்' என்ற எபிரேயச் சொல்லுக்குச் 'சண்டை' என்று மட்டும் பொருள் சொல்லி, நான் படித்த ஒரு கட்டுரை கடந்துவிட்டது. அது போதாது. அதன் வேர் 'தீன்', அதாவது நியாயம் தீர்ப்பது. ஆதியாகமத்தில் யாக்கோபின் மனைவி ராகேல் 'தேவன் என் வழக்கைத் தீர்த்தார்' என்று பிள்ளைக்குத் தாண் எனப் பேர் வைத்ததும் இதே வேரில்தான். ஆக, மாதோன் அடிதடி அல்ல; 'நான் சொல்வதுதான் நியாயம்' என்று இரண்டு பேரும் விடாமல் நிற்பது.

நீதிமொழிகள் 17:14-ஐப் பாருங்கள். சண்டையின் ஆரம்பம் 'தண்ணீரைத் திறந்துவிடுகிறவன்' என்றுதான் மூலத்தில் இருக்கிறது. மதகு என்ற சொல்லே அங்கே இல்லை! நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்தான் 'மதகைத் திறந்துவிடுகிறதுபோல' என்று வருகிறது. ஏரிப் பாசனம் தெரிந்த யாரோ செய்த வேலை போல. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அதே வசனத்தின் பின்பாதியில் வேறு சொல், 'ரீப்'; வாதாட்டம், வழக்கு என்று பொருள். தீர்க்கதரிசி மீகாவின் புத்தகத்தில் 6:2-இல் கர்த்தர் தம் ஜனத்தோடு நடத்தும் வழக்கும் 'ரீப்'தான். தண்ணீருக்காக ஜனங்கள் மோசேயோடு வாதாடிய இடத்துக்கு மேரிபா என்ற பேரும் அதிலிருந்தே வந்தது. மாதோன், ரீப் என்ற இந்த இரண்டு சொற்களையும் அந்தக் கட்டுரை ஒன்றாகக் கலந்திருக்க வேண்டாம்.