கையெழுத்து வாங்கிவிட்டோமே என்று சொல்லாதீர்கள்

சிகிச்சையில் தவறு நடந்தது என்று ஒரு குடும்பம் கேட்க, மருத்துவமனை பதில் சொல்லும் அந்தக் காணொளியை மறுபடியும் இங்கே பகிரப் போவதில்லை. மூன்று நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. சிகிச்சையில் தவறு நடந்ததா இல்லையா என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரித்துச் சொல்லட்டும். அந்தக் குடும்பத்தின் துக்கத்தை வைத்து எழுதவும் எனக்கு மனமில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது, மருத்துவமனையின் சார்பில் பேசியவர் சொன்ன ஒரு வரி. "எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒப்புதல் படிவம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது." சொல்லிவிட்டு அந்தத் தாளைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அத்துடன் எல்லாம் தீர்ந்துவிட்டது என்பது போல இருந்தது அவர் முகம்.

அதற்குக் கீழே வந்த பின்னூட்டங்களையும் படித்தேன். "கையெழுத்துப் போட்ட பிறகு என்ன கேள்வி?" என்று எழுதியவர்களில் என்னோடு ஒரே வார்டில் இரவுப் பணி பார்த்தவர்களும் இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் 19 ஆண்டுகளாக நர்ஸாக இருக்கிறேன். அந்தக் கையெழுத்துகளை வாங்குவது என் வேலைகளில் ஒன்று. அதனால் உரிமையோடு சொல்கிறேன்: ஒப்புதல் படிவத்தில் போடும் கையெழுத்து, கவனக்குறைவுக்குக் கொடுக்கும் அனுமதி அல்ல. "என்னிடம் அசட்டையாக நடந்துகொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு எந்த நோயாளியும் மேசையில் ஏறிப் படுப்பதில்லை.

ஒப்புதல் வேறு, கவனக்குறைவு வேறு. என் உடம்பைத் தொடலாம், கீறலாம், மயக்க மருந்து கொடுக்கலாம் என்று நான் சொல்வது ஒப்புதல். அப்படித் தொடும்போது அந்தத் தொழில் தெரிந்தவர் காட்ட வேண்டிய அக்கறையைக் காட்டாமல், அதனால் எனக்குத் தீங்கு வந்தால் அது கவனக்குறைவு. முதலாவதைக் கொடுத்ததால் இரண்டாவதையும் மன்னித்துவிட்டேன் என்று ஆகாது. வீட்டுச் சாவியை ஒருவரிடம் நம்பிக் கொடுத்தால், வீட்டைக் கொளுத்திக்கொள் என்றா பொருள்?

"எதற்கும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்ற வரியைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில், கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்திய மருத்துவமனை ஒன்றில் டங்கிள் என்பவர் சேர்ந்தார். ஊழியர்களின் கவனக்குறைவுக்கு மருத்துவமனை பொறுப்பேற்காது என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவரைச் சேர்த்தார்கள். அவர் கடுமையான வலியில் இருந்தார். வலியைத் தணிக்கும் மருந்தின் மயக்கம் வேறு. படிக்கும் நிலையிலேயே அவர் இருந்திருக்க மாட்டார். வழக்கு மேலே போனது. 1963இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அந்த விடுவிப்பு வரி செல்லாது என்று சொல்லிவிட்டது. நோயாளிக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது, சிகிச்சை அவருக்கு அத்தியாவசியம், அவர் முழுக்க முழுக்க மருத்துவமனையின் கையில் இருக்கிறார், அப்படிப்பட்டவரிடம் எழுதி வாங்கும் பொறுப்பு விடுவிப்பு பொதுநலனுக்கு விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். பிரிட்டனில் 1977ஆம் ஆண்டிலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது: கவனக்குறைவால் உண்டாகும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதித் தப்பித்துக்கொள்ள முடியாது. காணொளியில் தாளைத் தூக்கிப் பிடித்தவருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்ற தைரியம்தான்.

அடுத்தது, அந்தக் கையெழுத்து ஒப்புதலாவது ஆகுமா என்பது. இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

இந்தியாவில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கைச் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். நோயை அறிவதற்காக வயிற்றுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கு என்று ஒரு பெண் மயக்கத்துக்குப் போனார். கண் விழித்தபோது அவருடைய கருப்பையும் சூலகங்களும் இல்லை. அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் வயது வந்தவர், சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக் கூடியவர், உயிருக்கு அவசர ஆபத்து எதுவும் இல்லை, அப்படியிருக்கத் தாயின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் உறுப்பை அகற்றுவதற்குக் கொடுத்த ஒப்புதலும் ஆகாது என்றது. அங்கேயும் தாள் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் 1992இல் முடிந்த ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் வழக்கு இதைவிட என்னைத் தொட்டது. ஒரு கண் ஏறக்குறைய பார்வையற்ற பெண். அந்தக் கண்ணில் அறுவை சிகிச்சை. நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அவர் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சுமார் 14,000 பேரில் ஒருவருக்கு மற்றக் கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதை மருத்துவர் சொல்லவில்லை. அந்த ஒருவராக அவரே ஆகிவிட்டார், நல்ல கண்ணின் பார்வையும் போனது. அறுவை சிகிச்சையை மருத்துவர் திறமையாகத்தான் செய்திருந்தார். ஆனாலும் சொல்லாமல் விட்டது கவனக்குறைவு என்றது அந்நாட்டின் உயர் நீதிமன்றம். கத்தி பிடித்த கையில் பிழையில்லை, பேச வேண்டிய வாய் பேசவில்லை. பிரிட்டனில் 2015இல் வந்த மாண்ட்கோமரி தீர்ப்பும் இதையேதான் சொன்னது. மருத்துவருக்கு எது முக்கியமாகப் படுகிறது என்பது மட்டும் போதாது, அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவருக்கு எது முக்கியம் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விகள். நேற்று ஒரு வரி எழுதியதற்கே உள்பெட்டியில் வந்து விழுந்தவை.

"இப்படியே பேசினால் சிக்கலான நோயாளியை எந்த டாக்டரும் தொட மாட்டார்." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் நீங்கள் பயமுறுத்தும் அளவுக்குக் கொடூரமானது அல்ல. மருத்துவர் குணமாக்கித் தருகிறேன் என்று ஒப்பந்தம் செய்வதில்லை, நியாயமான திறமையோடும் கவனத்தோடும் பார்க்கிறேன் என்றுதான் செய்கிறார். (வாய்விட்டு வாக்குக் கொடுத்தால் மட்டும் கதை வேறு. தீக்காயத் தழும்பிருந்த ஒரு பையனின் கையை நூற்றுக்கு நூறு சரியாக்கித் தருகிறேன் என்று சொல்லி, மார்புத் தோலை எடுத்து ஒட்டி, உள்ளங்கையில் முடி முளைத்துப்போன அமெரிக்க வழக்கு 1929ஆம் ஆண்டிலேயே உண்டு.) முடிவு மோசமாகிவிட்டது என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது. அந்தத் துறையில் பொறுப்புள்ள ஒரு சாரார் சரியென்று ஏற்கும் முறையில் செய்திருந்தால் அது கவனக்குறைவு அல்ல என்று 1957இல் பிரிட்டனின் போலம் வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது. மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னது. நேர்மையாக வேலை செய்கிறவருக்குப் பாதுகாப்பு இவ்வளவு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பைத் தருவது அவர் செய்த வேலையும் அதை ஒழுங்காக எழுதி வைத்த கேஸ் ஷீட்டும்தான். பொடி எழுத்து அல்ல.

"எல்லா ஆபத்தையும் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார்." ஓடட்டும். உடம்பு அவருடையது. 1914இலேயே அமெரிக்க நீதிபதி கார்டோசோ எழுதிவிட்டார், தன் உடம்புக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை மனத்தெளிவுள்ள வயது வந்த ஒவ்வொருவருக்கும் உண்டு என்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் இதை விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

"படிக்காதவர்களுக்குச் சொன்னால் புரியுமா?" என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தன் குழந்தைக்கு எத்தனை மணிக்கு எத்தனை மில்லி மருந்து என்பதை ஒரு தடவை கேட்டுவிட்டு, பத்து நாளும் தவறாமல் கொடுத்த எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். புரியும்படி சொல்லத் தெரியாதது நம்முடைய குறை.

"நேரம் எங்கே இருக்கிறது, சிஸ்டர்?" இந்தக் கேள்விதான் என்னைக் குத்துகிறது. உண்மையிலேயே இல்லை. 30 படுக்கைக்கு இரண்டு பேர் நின்ற இரவுகள் எனக்கு மறக்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு ஆளை அனுப்ப வேண்டும், படிவம் இல்லாமல் அனுப்பினால் திட்டு எனக்கு. அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? முந்தின நாள் மாலையே படிவங்களை எடுத்து வைத்து, கையெழுத்து வர வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைப்போம். "நோய், சிகிச்சை, மாற்று வழிகள், ஆபத்துகள் அனைத்தும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன" என்ற வரி ஏற்கனவே அச்சாகி இருக்கும். அறுவை சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய கோடு மட்டும் காலி. "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று விரலால் காட்டுவோம். நோயாளி குறி இருக்கும் இடமெல்லாம் போட்டுக்கொண்டே வருவார். காலிக் கோடு பிறகு நிரம்பும். கடைசியில் "சாட்சி" என்று ஓர் இடம் இருக்கும், அதில் நான் போடுவேன். எதற்குச் சாட்சி? விளக்கம் சொல்லப்பட்டதற்கு. அந்த விளக்கத்தை நான் கேட்டதே இல்லை. பல நேரம் அப்படி ஒரு விளக்கம் நடந்ததே இல்லை.

"அப்படியானால் நீயும் உடந்தைதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் நேரம் கொடுக்காமல், ஆள் கொடுக்காமல், தாள் மட்டும் கொடுத்து அனுப்பியவர்களையும் கொஞ்சம் கேளுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது எங்களுக்குத்தான். உறவினர்கள் ஆத்திரத்தில் முதலில் பிடித்துத் தள்ளுவதும் எங்களைத்தான். ஒருமுறை என் தோள்பட்டை சுவரில் மோதி, இரண்டு வாரம் கை தூக்க முடியவில்லை. என்னைத் தள்ளியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இப்படி ஆகும் என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" அடித்தது தப்பு. கேட்டது தப்பில்லை.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

தைராய்டுக் கட்டிக்கு அறுவை சிகிச்சை. அவருக்கு அப்போது 71 வயது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளாகப் பக்கத்தில் இருந்தேன். மாலையில் ஓர் இளம் நர்ஸ் படிவத்தோடு வந்தாள், பென்சில் குறிகளோடு. அப்பா எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் ஆள் இல்லை. தலையணைக்கு அடியில் கைவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். "என்னம்மா எழுதியிருக்கிறது?" என்றார். அந்தப் பெண் கையில் இன்னும் ஐந்தாறு பைல்கள் இருந்தன, அவளுடைய அவசரம் எனக்குத் தெரியும். "ஒன்றும் இல்லையப்பா, எல்லோரிடமும் வாங்குவதுதான், போடுங்கள்" என்றேன். கண்ணாடி என் பக்கத்து மேசையில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் என்னை நம்பிப் போட்டார். சாட்சி இடத்தில் நான் போட்டேன்.

குரல்வளைக்குப் போகும் நரம்பு அந்த இடத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அது பாதிக்கப்படும், குரல் போகும். எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சை செய்தவருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அறுவை சிகிச்சை செய்தவர் மீது எனக்குப் புகார் இல்லை, கட்டியை நன்றாகத்தான் எடுத்தார். வழக்குப் போடச் சொன்னவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் அப்பா ஒப்புக்கொண்டுதான் இருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் முந்தின நாள் இரவு யாருக்காவது போன் செய்து கொஞ்சம் அதிகம் பேசியிருப்பார். பேத்தியைக் கூப்பிட்டு ஒரு கதையாவது சொல்லியிருப்பார்.

இப்போது காற்று கலந்த ஒரு மெல்லிய குரல்தான். போனில் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் "கேட்கிறதா?" என்று கேட்கிறார். கேட்காவிட்டாலும் கேட்கிறது என்றுதான் சொல்கிறேன்.