9,500 டாலர் கணக்கு செல்லாது

"லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் பணப் பரிவர்த்தனை அறிக்கை அமெரிக்கர்களுக்கு மட்டும்தான், நாம் பாஸ்போர்ட் காட்ட வேண்டாம், 9,500 டாலராகப் பிரித்துக் கொடுத்தால் போதும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

ஒரே சூதாட்ட நாளில் ரொக்கம் 10,000 டாலரைத் தாண்டினால் விடுதி நிதியமைச்சகத்தின் ஃபின்சென் பிரிவுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். இதில் குடியுரிமை பார்ப்பதில்லை. வெளிநாட்டவரின் அடையாளத்தைப் பாஸ்போர்ட் போன்ற அரசு ஆவணத்தைக் கொண்டுதான் சரிபார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

மேலும், அந்த 10,000 டாலர் ஒற்றைத் தொகைக்கான வரம்பு அல்ல. காலையில் மேசையில் 4,000 கொடுத்துச் சிப் (பணத்துக்குப் பதில் ஆடும் வில்லை) வாங்கி, இரவு கவுண்டரில் 7,000 கட்டினால், கூட்டினால் 11,000, அறிக்கை போகும். கட்டிய பணமும் பெற்ற பணமும் தனித்தனியாகக் கூட்டப்படும். நாள் என்பதும் நள்ளிரவில் முடிவதில்லை, விடுதியின் கணக்கு நாள்தான் அளவு.

அறிக்கை போவதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. அது வெறும் காகித வேலை. அதைத் தவிர்க்கவே பணத்தைப் பிரிப்பதுதான் குற்றம், பணம் நேர்மையாகச் சம்பாதித்ததாக இருந்தாலும்! ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பிரிப்பதாகச் சந்தேகம் வந்தால், 5,000 டாலரிலிருந்தே விடுதி தனி அறிக்கை அனுப்பும். அனுப்பியதை உங்களிடம் சொல்லவும் கூடாது.

விமான நிலையத்தில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கத்தை அறிவிப்பது இன்னொரு கடமை. அதைச் செய்தவருக்கும் விடுதியில் விலக்கு இல்லை.