கண்ணாடி கரையும் என்றுதான் சொன்னேன்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். அணுக்கழிவைக் கண்ணாடியில் உருக்கிப் பூட்டிவிட்டால் தண்ணீரால் அதை ஒன்றும் செய்ய முடியாது என்றார் பேச்சாளர். எவ்வளவு வேகத்தில் கரையும் என்று நான் எழுந்து கேட்டதற்கு, "கண்ணாடி கரையாதும்மா, உட்காருங்க" என்று பதில் வந்தது. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

கண்ணாடி கரையும். பிரான்சின் லா ஆக் அணுக்கழிவு ஆலையில் கழிவைப் போரோசிலிகேட் (போரான் கலந்த) கண்ணாடியோடு சுமார் 1100 டிகிரி செல்சியஸில் உருக்கி, எஃகுக் கலன் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400 கிலோ ஊற்றுகிறார்கள். அந்தக் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் சோடியம் வெளியேறி, அந்த இடத்தில் ஹைட்ரஜன் புகுகிறது. பிறகு கண்ணாடிக்கு அடிப்படையான சிலிக்காவின் பின்னலே அறுபடத் தொடங்குகிறது. 90 டிகிரி தூய நீரில், தொடக்கத்தில், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவில் அரிக்கிறது. நீர் தேங்கி அதில் சிலிக்கா நிறைந்ததும், மேற்பரப்பில் படியும் மெல்லிய ஜெல் படலம் கவசமாகி, வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆனால் நீரின் காரத்தன்மை ஏறிச் சியோலைட் என்ற கனிமப் படிகங்கள் வளர்ந்தால், அடங்கிய அரிப்பு மீண்டும் வேகமெடுக்கலாம். எந்த நீரில், எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி, அதைத்தான் கேட்டேன்.

இதை நான் கையால் கற்றவள். கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கண்ணாடி மூடியுள்ள புட்டியில் ஊற்றி வைத்துவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போனேன். திரும்பி வந்து திருகினால் மூடி அசையவில்லை. கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, மூடியும் புட்டியும் ஒன்றாகிக் கிடந்தன. காரம் கண்ணாடியைத் தின்றிருந்தது.

மக்களைப் பயமுறுத்துகிறேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரான்சின் எம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலின் கண்ணாடிக் கட்டிகள் 1800 ஆண்டுகள் கடலடியில் கிடந்தன. நீர் தேங்கி நின்ற அவற்றின் உள்விரிசல்களில் அரிப்பு வெளிப்பரப்பைவிட மிகக் குறைவாகவே இருந்தது. பேச்சாளர் இதைச் சொல்லியிருந்தால் நானே முதலில் கைதட்டியிருப்பேன். "விஞ்ஞானியைவிட உனக்குத் தெரியுமா?" என்பவர்களே, எஃகும் கண்ணாடியும் ஒட்டியிருக்கும் இடுக்கில் உப்புநீர் புகுந்தால் அரிப்பு கூடுகிறது என்று 2020இல் ஆய்வு வெளியிட்டவர்களும் விஞ்ஞானிகள்தான்.

கல்பாக்கத்திலும் கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலை இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தே என் தலை நரைத்தது. என் இடத்தில் ஓர் ஆண் எழுந்து கேட்டிருந்தால் அந்த "உட்காருங்க" வந்திருக்குமா? தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன்.

அந்தப் புட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். அவரே மூடியைத் திருகிப் பார்க்கட்டும்.