முகம் வீங்கினால்தான் அலர்ஜியா?
"முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு வந்தால்தான் அலர்ஜி, அதுவரை பயப்பட வேண்டாம்" என்று நாய்களுக்கு வரும் அலர்ஜி பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போன ஆடியில் எங்கள் நாட்டு நாய் மணியை முருங்கை மரத்தடியில் குளவி கொட்டிவிட்டது. முகத்தில் வீக்கமே இல்லை. பத்து நிமிஷத்துக்குள் இரண்டு முறை வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி, பின்னங்கால்கள் துவண்டு அப்படியே சரிந்துவிட்டான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால், எப்போதும் ரோஜா நிறத்தில் இருக்கும் ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் முதலில் போட்டது அட்ரினலின் ஊசி, கூடவே டிரிப்ஸ். கடுமையான ஒவ்வாமை வந்தால் மனுஷனுக்கு மூச்சு முட்டும், நாய்க்குப் பெரும்பாலும் கல்லீரலையும் குடலையும்தான் தாக்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். தடுப்பூசி போட்ட பிறகோ பூச்சி கொட்டிய பிறகோ திடீரென்று வாந்தி பேதி வந்தால் "கண்டதையும் தின்றிருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர், நாய்க்கு அலர்ஜி வந்தால் நாம் போடும் சளி மாத்திரையில் பாதி கொடுத்தால் போதும் என்கிறார். தயவுசெய்து வேண்டாம். அலர்ஜிக்குப் போடும் வெறும் செட்டிரிசின் மாத்திரை வேறு, சளி மாத்திரை வேறு. சளி மாத்திரையில் பெரும்பாலும் பாரசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும், இரண்டுமே நாய்க்கு விஷமாகலாம். செட்டிரிசினைக்கூட எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். மணிக்கு இப்போது ஊசி போட்டால் அரை மணி நேரம் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, ஈறைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.