தரையை மட்டம் பண்ண இந்த ஊரில் ஆளே இல்லையா?

பசுமைக்குடில் விற்கிறவர் குழாயின் கனம், ஷீட்டின் தடிமன், உத்தரவாதம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். "அது நிற்கப் போகிற தரைக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டால் மட்டும், "அது நீங்க பார்த்துக்கணும் மேடம்" என்று முடித்துவிடுகிறார். சரி, கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் கொல்லையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மட்டமாத்தானேக்கா இருக்கு, செங்கல்லை அண்டக் கொடுத்து நிறுத்திடலாம்" என்கிறார். வயிறு எரிகிறது எனக்கு.

மட்டமாகவா இருக்கிறது? இது மன்னார்குடிப் பக்கம். டெல்டாவில் எந்த இடமும் கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். அதனால்தான் இங்கே கண்ணை நம்பவே கூடாது. டியூப் லெவலில், அதாவது உள்ளே தெரிகிற நீளக் குழாயில், தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் பிடித்துப் பார்த்தால், 20 அடி நீளத்தில் வீட்டுப் பக்கத்துக்கும் வாய்க்கால் பக்கத்துக்கும் 4 அங்குலம் வித்தியாசம். அதைச் செங்கல்லும் ஓட்டுத் துண்டும் வைத்துச் சரிக்கட்டுவார்களாம்! அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டால் கதவு எப்படிச் சாத்தும்? பாலிகார்பனேட் ஷீட் சட்டத்தில் இருக்கிற காடிப் பள்ளத்தில் எப்படி உட்காரும்? திருகைப் போட்டு இழுத்து இழுத்து உட்கார வைத்தால், திருகு ஓட்டையிலிருந்தே கீறல் விட ஆரம்பிக்கும். அப்புறம் விற்றவரைக் கேட்டால், தரை சரியில்லை என்று கையை விரித்துவிடுவார்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் செம்மண் பூமி, கொஞ்சம் தாங்கும். எங்களுக்கு வாய்த்தது ஆறு கொண்டுவந்து போட்ட களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் வந்து பாருங்கள், கொல்லையில் விட்டிருக்கிற வெடிப்பில் விரல் நுழையும். ஐப்பசியில் அதே இடத்தில் கணுக்கால் புதையும். இந்த மண்மேல் வெறும் செங்கல்லை வைத்தால் ஒரு மூலை தூக்கும், ஒரு மூலை இறங்கும். தெருவில் எத்தனை சுற்றுச்சுவர் வெடித்து நிற்கிறது! அதைத் தினம் பார்த்துக்கொண்டு போகிறவரே இப்படிச் சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மண்ணடிக்கச் சொன்னதும் இன்னொரு கூத்து. கிராவல் என்று பேசி, டிராக்டரில் வந்து இறங்கியது களிக்கட்டியும் வேரும் உடைந்த ஓடும். "மழை பேஞ்சா தானா இறங்கிடும்கா" என்கிறார் வண்டிக்காரர். இறங்கும், ஒரே சீராகவா இறங்கும்? கட்டி கிடக்கிற இடத்தில் ஒரு மாதிரி, வேர் மக்குகிற இடத்தில் ஒரு மாதிரி இறங்கும். ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தண்ணீர் தெளித்து, திம்ஸ் கட்டையால் நன்றாக இடித்துவிட்டுத்தானே அடுத்த அடுக்குப் போடணும்? வீட்டுக்கு பேஸ்மெண்ட் நிரப்பும்போது இதே ஆட்கள் இதைச் செய்கிறார்கள். தோட்டம் என்றால் மட்டும் ஏன் இந்த இளக்காரம்? "செடி வைக்கிற கொட்டாய்க்கு இவ்வளவாக்கா?" என்று சிரிக்கிறார்கள். குழித்தட்டில் கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் விட்டு விற்கத்தான் இந்தக் கொட்டாய். இது என் பிழைப்பு. தட்டு சாய்ந்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, அங்கே நாற்று அழுகும், எதிர்ப் பக்கம் வாடும்.

மூலைமட்டமும் அப்படித்தான். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்தால் குறுக்கே 5 அடி வரணும், அப்போதுதான் மூலை சரியான செங்கோணம். இந்தக் கணக்கு தெரியாத கொத்தனார் உண்டா? என் குடில் மாதிரி 10 அடிக்கு 20 அடி என்றால் குறுக்களவு 22 அடி 4 அங்குலத்துக்கு மேல் சொச்சம் வரும், இரண்டு குறுக்கும் ஒன்றாக இருக்கணும். டேப்பை நானே பிடித்தேன். மூன்று விரற்கடை வித்தியாசம். "மூணு விரக்கடை என்னக்கா பண்ணிடும்?"

காற்றையாவது நினைக்க வேண்டாமா? கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, இங்கே எத்தனை தென்னையை வேரோடு சாய்த்தது என்று இவர்களுக்குத் தெரியாதா? தென்னைக்கே அந்தக் கதி என்றால், செங்கல்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிற கூடு என்ன ஆகும்? குழி எடுத்துக் கான்கிரீட்டில் கால் நடச் சொன்னால், "செலவாகும்கா" என்கிறார். என் காசுதானே, நான் கொடுக்கிறேன் என்றுதானே கேட்கிறேன்!

கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை, கூடுதலாகவே தருகிறேன். மேல் களியை வழித்து எடுங்கள், நல்ல கிராவலாகப் போட்டு இடியுங்கள், சுற்றுத் தரையைவிட அரையடி உயர்த்துங்கள். டியூப்பில் நாலு மூலையிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்பதை என் கண்ணால் பார்க்கிற வரைக்கும் ஒரு குழாயைக்கூடப் பூட்ட விடமாட்டேன். ஐப்பசி பிறப்பதற்குள் இது முடியணும். மழை பிடித்துக்கொண்டால் இந்தக் களியில் தை வரைக்கும் மண்வெட்டி வைக்க முடியாது.